சோலைமலையின் குளிசை

சோலைமலையின் மருந்து அட்டையில் பத்து மாதமாக ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதுதான் லக்சனாவுக்குப் பிடிக்கவில்லை. மனநோய்க்குக் குளிசை எடுக்கிறவர்கள் மறப்பார்கள், ஒளிப்பார்கள், தலை பாரமாக இருக்கிறதென்று இரண்டு நாள் விடுவார்கள், தீபாவளிக்குக் குடிக்கவேண்டும் என்பதற்காக ஒரு வாரமே விடுவார்கள். மஸ்கெலியா மனநலக் கிளினிக்கில் தாதியாக இருந்த மூன்று வருடத்தில், முழுசாகச் சரி போட்ட அட்டை ஒன்றை அவள் கண்டதே இல்லை. இன்னொன்றும் இருந்தது. அந்தப் பத்து மாதமும் சோலைமலையின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மாதா மாதம் அவனுடைய அம்மா அழகம்மாதான் பஸ்ஸேறி வந்து, மகன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி, வெறும் உறைகளைக் காட்டிவிட்டுப் புது மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். நோய் முற்றியிருந்த காலத்தில், அம்மாவின் கழுத்தை நெரி என்று காதுக்குள் ஒரு குரல் ஓயாமல் சொல்லக் கேட்டவன் அவன். ஆளைப் பார்க்காமல் இனி மருந்து இல்லை என்று முடிவெடுத்து, ஒரு வியாழக்கிழமை பின்னேரம் லக்சனா மஸ்கெலியாவிலிருந்து ஆட்டோ பிடித்தாள்.

ஆட்டோ பாதை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து தோட்டத்து லய வீடுகளுக்குப் படியில்தான் இறங்க வேண்டும். நாலு மணிக்கே மூடுபனி தேயிலைக்குள்ளிருந்து எழும்பி, முன்னால் இருக்கிற படியை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. நனைந்த விறகுப் புகையும் கொழுந்து வாசமும் கலந்த அந்தக் குளிருக்குள், எங்கேயோ கீழே நீர்த்தேக்கத்துத் தண்ணீர் கரையை நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராசம்மாவிடம் சோலைமலை வீட்டில் இருக்கிறானா என்று விசாரித்தாள். ராசம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பத்து மாசம் பிந்தி வந்திருக்கீங்களே, மிஸ்ஸி."

மாசி மாதம் தண்ணியில் இறங்கியவனை மூன்று நாள் கழித்துத்தான் எடுத்தார்களாம். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

லக்சனா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்: நாளுக்கு இரண்டு, பத்து மாதம். செத்தவன் பெயரில் அறுநூறு குளிசை வெளியே போயிருக்கிறது. அது எங்கே? அம்மாக்காரி சேர்த்து வைத்திருக்கிறாளா? மகனைத் தூக்கிக் கொடுத்தவள் ஒரு நாள் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டால்? மிச்சத்தை எப்படியாவது வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அழகம்மா அவளைக் கண்டு பதறவில்லை. யாழ்ப்பாணத்துப் புள்ளைக்கு இந்தக் குளிர் ஆகுமா என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். லக்சனா மெதுவாகத் தன் கேள்விகளைக் கேட்டாள். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா, இன்றைக்கு என்ன கிழமை. எல்லாவற்றுக்கும் சரியான பதில். மகன் இறந்த தேதியையும் கிழவி பிசகாமல் சொன்னாள். புத்தியில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் லக்சனாவுக்குப் பயம் பிடித்தது.

"அப்ப அந்தக் குளிசையெல்லாம் ஆருக்கம்மா குடுத்தனீங்கள்?"

"அவனுக்குத்தான்." அழகம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கருமாதிக்குப் படையல் வச்சோம். கருவாடு, சாராயம், சுருட்டு, எல்லாம் அவனுக்குப் புடிச்சது. வந்தான். ஆனா பழைய மாதிரியே வந்தான், மிஸ்ஸி. அதே முழி. கை என் கழுத்துக்கு வருது. சட்டுன்னு ரெண்டு குளிசய எலையில வச்சேன். எடுத்து வாயில போட்டுட்டு அப்படியே அடங்கிட்டான். நல்லாயிட்டான்னாலும் நிறுத்திறக் கூடாது, நிறுத்தினா திரும்ப வந்துரும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. அதான் ஒரு நாளும் நிறுத்தல."

சொல்லிக் கொடுத்தது அவள்தான். இதே தொனியில், இதே சொற்களில், எத்தனையோ பேருக்கு.

துக்கத்தில் இப்படியெல்லாம் தோன்றுவது உண்டு என்று லக்சனா எடுத்துச் சொன்னாள். மகனுக்கு இனி மருந்து வேண்டாம் என்றாள். அலுமாரியில் இருந்த உறைகளை எண்ணித் தன் பைக்குள் போட்டாள். அட்டையின் குறுக்கே கோடு இழுத்தாள். கிழவி தடுக்கவில்லை, கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவான் என்று மட்டும் சொன்னாள்.

வெளியே லயத்தில் கதவுகள் சாத்தப்பட்டன. முதலில் அந்தக் கோடியில் ஒன்று. பிறகு அடுத்தது. வரிசையாக, அவசரமில்லாமல், தினமும் செய்து பழகியவர்களைப் போல. ஒரு வீட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. ராசம்மா வீட்டுக் கைக்குழந்தையின் அழுகை, யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது.

சேற்று வாசம். ஆழத்துத் தண்ணீரின் வாசம்.

பீலிப் பக்கம் காலடி. ஈரமான காலடி. படியில். வாசல் இஸ்தோப்பில்.

அழகம்மாவின் கை தன் கழுத்தை மூடிக்கொண்டது. "மிஸ்ஸி," என்றாள். அவ்வளவுதான்.

லக்சனாவின் விரல்கள் பைக்குள் போய்விட்டன. உறை கிழிந்தது. இரண்டு குளிசை. அவளே தட்டில் வைத்தாள், அவளே தள்ளினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. தரை சாணி மெழுகியது. அதன்மேல் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வெளுத்து, ஊறி, தோல் உரிந்து. விரலிடுக்கில் பாசி. தட்டு மெல்ல நகர்ந்தது. ஏதோ வாய்க்குள் போகிற சத்தம்.

அமைதி.

"பாத்தீங்களா," என்றாள் அழகம்மா, மூச்சு வந்தவளாய். "அடங்கிட்டான். எம் புள்ள சொன்னபடி கேப்பான்."

குளிசை கொடுத்த பிறகு வார்டில் தாதி செய்கிற ஒரு காரியம் உண்டு. வீட்டில் கொடுக்கிறவர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிளினிக்கில் வரிசை நீண்டு கிடந்த அன்றைக்கு, இந்த அம்மாவுக்கு அதை அவள் சொல்லவில்லை. இப்போது பழக்கத்தில் நாக்கு தானாகவே சொன்னது.

"வாயைத் திறவுங்கோ. நாக்கைத் தூக்கிக் காட்டுங்கோ."

சோலைமலை குனிந்தான். அவளுடைய முகத்துக்கு நேராக வாயைத் திறந்தான். மெதுவாக, கீழ்ப்படிகிற பிள்ளையைப் போல, நாக்கைத் தூக்கினான்.

அடியில் வெள்ளையாக நிறைந்திருந்தது. கன்னம் இரண்டிலும், தொண்டை வரைக்கும். இன்றைய இரண்டு, நேற்றைய இரண்டு, மாசி மாதத்து இரண்டு. ஒன்றுகூடக் கரையவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டில் உதிரத் தொடங்கின, டக், டக், டக்கென்று. உதிர உதிர, அந்த வாய் சிரித்துக்கொண்டே அம்மாவின் பக்கம் திரும்பியது.