மீதித் தூரம்

குழந்தை போகிறாள், செருப்பு கீச்சிடவில்லை. அதுதான் அவனுக்கு முதலில் உறுத்தியது.

மிதித்தால் எலிக்குஞ்சு மாதிரி கத்தும் ரப்பர் செருப்பு. கழற்றச் சொன்னால் வீடே இரண்டுபடும். தூங்கும்போதும் அவள் காலிலேயே கிடக்கும். மழை இருட்டிக்கொண்டு வந்த அந்த மாலையில், ஈரச் சிமெண்ட் வாசனையும் ஆறவைத்த பாலின் வாசனையும் கலந்து கிடந்த கூடத்தில், கணினியின் விசிறி முனகுவதைத் தவிர வேறு சத்தமே இல்லாமல், அவன் முதுகுக்குப் பின்னால் அவள் சமையலறை வாசலிலிருந்து கிளம்பியிருந்தாள்.

உறுத்தியதே தவிர அவன் திரும்பவில்லை. கணினி விளையாட்டு செய்து பிழைக்கிறவன். காலையில் ஆட்டத்தைக் காட்டியாக வேண்டும். திரையில் இருந்தது அவன் வீடுதான். டேப் பிடித்து அளந்து, சுவருக்குச் சுவர் அப்படியே. அதற்குள் நடமாடும் பொம்மைக்கும் மகளின் முகத்தையே வைத்திருந்தான். சொந்த முகம் என்றால் எவனும் வழக்குப் போட மாட்டான்.

பொம்மையை நகர்த்துவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிளம்பும் புள்ளி ஒன்று, சேரும் புள்ளி ஒன்று, நடுவில் நேர்க்கோடு. சுழி, அதாவது பூஜ்யம், என்றால் கிளம்பவில்லை, அரை என்றால் நடுவழி, ஒன்று என்றால் சேர்ந்தாயிற்று. சேர்ந்ததும் கணக்கு பிடியை விட்டுவிடும்; அப்புறம் பொம்மைக்கு அதன் எடைதான். கால் அசைவையும் சுவர்த் தடுப்பையும் நாளைக்கு என்று தள்ளிவிட்டு ஓடவிட்டிருந்தான். நாளைக்கு என்று தள்ளும் வேலையில்தான் சனியன் வந்து உட்காரும்.

போன் அடித்தது. மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"வாண்டு பால் குடிச்சாளா?"

"ஆறுது."

"நீங்களும் ஆறித்தான் போயிருப்பீங்க. பெத்ததையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. வயசான காலத்துல அந்தப் பொம்மையா வந்து உங்களப் பாத்துக்கப் போகுது? பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன், வர்றேன்."

திரும்பினான்.

குழந்தை நின்றுகொண்டிருந்தாள். நின்றபடியே வந்துகொண்டிருந்தாள். பாதம் பெயரவில்லை, முழங்கால் மடங்கவில்லை. எண்ணெய் தடவிய தண்டவாளத்தில் தள்ளிவிட்ட மாதிரி, வேகம் கூடாமல், குறையாமல். வழியில் கிடந்த முக்காலி அவள் வயிற்றுக்குள் நுழைந்து முதுகு வழியே வெளியே வந்தது. அவள் சிரித்தாள்.

"அப்பா, நான் நடக்கவே இல்ல!"

பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். சதைதான். சூடுதான். ஆனால் நிற்கவில்லை. லாரியின் பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்தவன்போல் அவன் குதிகால் தரையில் தேய்ந்தது. எதிரே பால்கனியின் கண்ணாடிக் கதவு, சாத்தியபடி. அவள் கண்ணாடிக்குள் போனாள். அவன் நெற்றி மோதி விழுந்தான்.

சேரும் புள்ளி.

அதை அவன் எழுதவே இல்லை. வெறும் கட்டமாக விட்டிருந்தான். வெறுமையை இயந்திரம் சுழி என்றுதான் படிக்கும். வரைபடத்தில் அளவுகள் தொடங்கும் சுழிப் புள்ளியோ பால்கனிக் கம்பிக்கு அப்பால், நான்கு மாடி உயரத்தில், அந்தரத்தில்.

கணினிக்கு ஓடினான். திரையில் பொம்மை கம்பியைக் கடந்துகொண்டிருந்தது. வெளியே அவளும். நிறுத்தும் பொத்தானில் வைத்த விரலைச் சுட்டுக்கொண்டவன்போல் எடுத்தான். நிறுத்தினாலும் பிடி விட்டுப்போகும். அப்புறம் எடைதான். சேரும் புள்ளியை மாற்றலாம் என்றால், நிறுத்தினால்தான் அந்தக் கட்டம் திறக்கும். ஓடும்போது கைவைக்க முடிந்தது ஒன்றே: அடுத்த நகர்வு எவ்வளவு.

மீதித் தூரத்தில் நூறில் ஒரு பங்கு, என்று போட்டான்.

வேகம் செத்தது. நூறில் ஒரு பங்கு. மிச்சத்தில் மறுபடியும் நூறில் ஒரு பங்கு. எப்போதும் ஏதாவது மிச்சம் இருக்கும். அவள் எந்தக் காலத்திலும் போய்ச் சேர மாட்டாள். மூச்சு விட்டான்.

திரையின் ஓரத்தில் மீதித் தூரம் தெரிந்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு சுழி. இன்னொரு சுழி. இன்னொன்று. அப்போதுதான் உறைத்தது. கணக்குக்கு எல்லை இல்லை, இயந்திரத்துக்கு உண்டு. பொடிப்பொடியான எண்ணை அது எத்தனை நேரம் தாங்கும்? ஒரு கட்டத்தில் இதெல்லாம் ஒரு தூரமா என்று சுழியாக்கி, சேர்ந்தாயிற்று என்று பிடியை விட்டுவிடும்.

கதவைத் திறந்து கம்பியில் வயிறு அழுந்த எட்டினான். விரல் நுனி எட்டவில்லை. அவள் தலையில் மழை விழுந்தது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"வந்துட்டேனாப்பா?"

"இல்லடா கண்ணு. இன்னும் கொஞ்சம் இருக்கு."

"எவ்ளோ நேரமா வர்றேன்."

"மெதுவா வா. மெதுவா வாடா."

வாசல் மணி அடித்தது. "கதவத் தொறங்க! தொப்பலா நனைஞ்சு நிக்கிறேன்."

அவன் அசையவில்லை. நீட்டிய கையை மடக்கவில்லை. மணி மறுபடி. உள்ளே திரையில் சுழிகள் ஓரம்வரை நீண்டு, அடுத்த வரிக்கு இறங்கின.

குழந்தையின் இடது செருப்பு நழுவியது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள்.

நெடுநேரம்.

பிறகு கீழே, எங்கோ, கீச்.