எதிர்ச்சுற்று

மணி நாலு. மேற்கு ஜன்னல் வழியே விழுந்த வெயில், தரையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது.

வெயில் கோட்டுக்கு வந்தால் அஸர் தொழுகைக்கு நேரம். ஹிதாயத்துல்லா கை கால் கழுவிவிட்டுத் திரும்பியபோது கோட்டுக்கும் வெயிலுக்கும் இடையே ஒரு சாண் தரை நிழலாகக் கிடந்தது. மண்ணரை ஏரியா முழுக்கக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. பனியன் துணியை வட்டமாகப் பின்னும், இப்போது நின்றுபோன நிட்டிங் மெஷினின் எண்ணெய் வாசனையும் ஓட்டில் தொங்கிய பஞ்சுத் தூசியின் மெல்லிய அசைவும் தவிர அந்தக் கொட்டகையில் எதுவும் இல்லை. மேகமோ என்று எட்டிப் பார்த்தான். வானம் வெறுமையாக இருந்தது.

கரண்ட் வந்தது. மெஷின் சுற்றத் தொடங்கியது. எதிர்ப்பக்கமாக.

"லைன் வேல பாத்தவன் வயர மாத்திக் குடுத்துட்டான் பாய்," என்று சிரித்தான் காசிமாயன். உசிலம்பட்டிக்காரன், மூன்று வருடமாக அதே மெஷினில் கூட்டாளி. "ரிவர்ஸ் கியருல போகுது பாருங்க, ஊருக்கே போயிரும் போல."

"மொதல்ல ஆஃப் பண்ணுப்பா."

துணி நழுவினால், சுவிட்சுக்கு முன் துணிக்குக் கை போகும். நிட்டிங்காரனின் பழக்கம். காசிமாயனின் கை போயிருந்தது.

ஊசிகள் ஒடிந்து தெறித்தன. ஒன்று ஹிதாயத்துல்லாவின் கன்னத்தில் ஏறியது. கீழே சுருண்டிருந்த துணி அவிழ்ந்து மேலே ஏறி, காசிமாயனின் மணிக்கட்டைச் சுற்றி, ஊசி வட்டத்துக்குள் இழுத்தது.

"பாய்! நிப்பாட்டுங்க பாய்!"

ஹிதாயத்துல்லா ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அமுக்கினான். நிற்கவில்லை. ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி எறிந்தான். பல்பு அணைந்தது. மெஷின் சுற்றியது.

எலும்பு முறியும் சத்தம். வெள்ளைத் துணி சிவப்பாக ஏறியது.

மேற்கு ஜன்னலின் வெயில் ஜன்னல் சுவர்வரை பின்வாங்கி மறைந்தது. சற்று நேரத்தில் கிழக்கு வாசலில் வெயில் விழுந்தது. காலை வெயில். அது உள்ளே நீண்டது. சிவந்தது.

பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது, அதனால் சூரியன் மேற்கே சாய்கிறது. ஐந்தாம் வகுப்பில் படித்தது. இப்போது சூரியன் கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தது. இனி அது உதித்தால் மேற்கில்தான். அது உலக முடிவின் அடையாளம், அந்த நாளில் யார் பாவமன்னிப்புக் கேட்டாலும் ஏற்கப்படாது என்று மதரஸாவில் சொல்லியிருந்தார்கள். இறைநம்பிக்கை மொழியான கலிமாவைச் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு புரளவில்லை.

காசிமாயனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தான். முழங்கை உள்ளே போயிருந்தது. தோள் போய்க்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க இருவரும் உள்ளே நகர்ந்தார்கள். வெளியே தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

வெயில் அணைந்தது.

இருட்டில் காசிமாயன் மெதுவாகக் கேட்டான். வலியே இல்லாத குரல்.

"பாய், எந்தப் பக்கமாச் சுத்துனா கை வெளிய வரும்?"