கை பட்டதும்

திரையில் மூளை அலைகள் துள்ளிய பிறகுதான், வெளியே நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது.

டெக்னீஷியன் பெண் நிமிர்ந்தாள். ஈ.ஈ.ஜி. அறையில் அவளையும் கட்டிலில் கிடந்தவரையும் தவிர யாரும் இல்லை. மாதக்கணக்கில் அசைவற்றுக் கிடப்பவர். தலை நிறைய வயர்கள். பசையின் புளித்த வாடையும், ஸ்பிரிட் நெடியும், ஏ.சி. விட்டு விட்டு முனகுவதும் சேர்ந்து அந்த மத்தியானத்தையே மந்தமாக்கியிருந்தன. அதுவரை அடங்கிக் கிடந்த கோடுகள், செருப்புச் சத்தம் நெருங்க நெருங்க உயர்ந்துகொண்டே போயின.

கதவு திறந்தது. அவர் மனைவி.

"கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துக்கட்டுமாம்மா? என் குரல் கேட்டா அவருக்குத் தெம்பா இருக்கும்."

"உக்காருங்கக்கா. வயர்ல மட்டும் கை படாமப் பாத்துக்கோங்க."

மனைவி அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான்தாங்க வந்திருக்கேன்," என்றாள், குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில்.

கோடுகள் வெறிபிடித்தாற்போல் ஏறி இறங்கின. வலிப்போ? இல்லை. வலிப்பின் அலை டெக்னீஷியன் பெண்ணுக்கு அத்துப்படி. நாடித்துடிப்பும் தறிகெட்டு ஓடியது. அவர் முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் கையை எடுங்க."

எடுத்தாள். தணிந்தன.

"இப்ப வைங்க."

ஏறின.

"பாத்தியா, எவ்ளோ சந்தோஷம்!" மனைவி சிரித்தாள்.

சந்தோஷம் இல்லை அது. உள்ளே அவர் விழித்திருக்கிறார். அலறிக்கொண்டிருக்கிறார்.

"டாக்டரைக் கூட்டிட்டு வந்துடறேன்," என்று டெக்னீஷியன் பெண் எழுந்தாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

மனைவி திரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரும் இப்படித்தாம்மா. முகத்துல ஒண்ணும் காட்ட மாட்டார். ஆனா உள்ளுக்குள்ள பயந்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

கணவரின் கையைக் கீழே வைத்தாள். எட்டி, டெக்னீஷியன் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வெதுவெதுப்பான, மெத்தென்ற கை.

உதறப் பார்த்தாள். முடியவில்லை. கத்தப் பார்த்தாள். உதடு பிரியவில்லை. கால் மரத்து நாற்காலியில் சரிந்தாள்.

வழியே போன நர்ஸ் ஒருத்தி கதவுக்குள் தலையை நீட்டினாள்.

"அசந்துட்டா, பாவம். நான் பாத்துக்கறேன்," என்றாள் மனைவி, அவள் தலையைக் கோதிவிட்டபடி.

கதவு சாத்திக்கொண்டது.

திரையில் கோடுகள் ஓய்ந்திருந்தன. கட்டிலில் ஒரு விரல் மடங்கியது. பிறகு இன்னொன்று. அவர் கண்ணைத் திறந்தார். நாற்காலியில் சரிந்து கிடந்தவளைப் பார்த்தார். வயர்கள் இழுபட, மெல்ல, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.