பெடல் திருடன்

"ஐயோ! திருடன்... திருடன்!"

கத்தியது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கடைத்தெரு வாகன நிறுத்தத்துக்கு முன்னால் இருக்கும் மருந்துக்கடைக்குப் போய் ஒரு பிளாஸ்திரி வாங்கி வருவதற்குள், எவனோ ஒரு நெட்டை ஆள் அக்கா மகளின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டிருந்தான். கையில் ஸ்பானர். ஒரு பெடல் ஏற்கெனவே தரையில் கிடந்தது, இன்னொன்றைத் திருகிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில்! அதுவும் சைக்கிளுக்குச் சொந்தக்காரி, சிராய்த்த முழங்காலோடு பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்போது!

நிதானமாக யோசிக்கிற வழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. மடக்கிய குடையால் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஆ...!"

"சித்தி, அடிக்காத! நான் சரின்னு சொல்லித்தான் கழட்டறாரு!"

"நீயா? எதுக்குடி?"

"விழாமலும் இருக்கணும், பெடலையும் மிதிக்கணும்... ரெண்டும் ஒண்ணா வராதுங்க," என்றான் அவன், தோளைத் தடவிக்கொண்டே. "முதல்ல விழாம இருக்கட்டும். சீட்டை இறக்கிட்டா ரெண்டு காலும் தரையில எட்டும். உந்தி உந்தி உருட்டிட்டே போகட்டும். காலைத் தூக்கிக்கிட்டு அந்தச் சுவர் வரைக்கும் போற அன்னிக்கு பெடலை மாட்டிடலாம். இன்னிக்கு மழைக்கும் வாய்ப்பில்ல. மெதுவா பழகலாம்."

மழைக்கு வாய்ப்பில்லை...

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. இந்தக் குரல்! வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் லென்ஸ் துடைக்கும்போதெல்லாம் ரேடியோவில் வருகிற குரல்! தேன் குழைத்த மாதிரி வானிலை சொல்கிறவனையா குடையால் சாத்தியிருக்கிறாள்?

"நீங்க... ரேடியோவுல..."

அவன் வெட்கத்தோடு தலையாட்டினான். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். கண்களைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பே. யார் கண்ணைப் பார்த்தாலும் பவர் என்ன இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்லிவிடுவாள். இந்தக் கண்களைப் பார்த்து மட்டும் வாயில் ஒன்றும் வரவில்லை...

அவன் மூக்கின் மேல் சொட்டென்று ஒரு மழைத்துளி விழுந்தது.

"வாய்ப்பில்லன்னீங்க?"

"நான் படிக்கிறவன்தாங்க. எழுதிக் கொடுக்கிறது வேற ஆளு!"

கழற்றிய பெடல்கள் தொலைந்துவிடப் போகின்றனவே என்று இரண்டையும் தன் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த விடுமுறையன்றும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பதின்மூன்று வயது. மூளை கத்தி மாதிரி வேலை செய்யும். கை கால்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. எறிந்த பந்து முகத்தில் பட்ட பிறகுதான் கைகள் உயரும், ஷூ நாடா கட்டுவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். அவளுடைய தோழிகள் எல்லோரும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக, இவள் மட்டும் அம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாள். சித்தி சீட்டைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் மிதிடி... சீக்கிரம்!" என்று ஓடி ஓடிச் சொல்லிக்கொடுத்ததில் மிஞ்சியது பிளாஸ்திரிதான். இந்த முறையும் வராவிட்டால் இனி சைக்கிளைத் தொடவே மாட்டேன் என்று வாலு சொல்லியிருந்தாள்.

அவன் வந்த பிறகு எல்லாம் மாறியது. கடைகள் மூடிக் கிடக்கும் விடுமுறைக் காலைகளில், அந்தக் காலி வாகன நிறுத்தத்தில் வாலு வாத்து மாதிரி உந்தி உந்திப் போனாள். சித்தி சீட்டைப் பிடிக்க ஓடினால், "விடுங்க... அவளுக்கே தெரியட்டும்," என்பான்.

"விழுந்துட்டா?"

"எழுந்திருப்பா. நீங்கதான் விழாம பார்த்துக்கணும்."

"நான் ஏன் விழப்போறேன்?" என்று வெடுக்கென்று கேட்டாலும் அவளுக்குக் காது சிவந்துவிடும். ஒருநாள் அவன் சட்டையில் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. இன்னொரு நாள் விளக்குக் கம்பத்தில் மோதிக்கொண்டான். எல்லாம் தன்னைப் பார்த்த தடுமாற்றம்தான் என்று அவள் உள்ளூரப் பூரித்துப்போனாள்!

அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. வாலு இரண்டு கால்களையும் தூக்கினாள். உருண்டாள்... உருண்டுகொண்டே இருந்தாள்... சுவர் வரைக்கும்! கையில் காபிக் கோப்பைகளோடு நின்ற அவன், சந்தோஷத்தில் ஓடி வந்து தன் காலே தடுக்கி, காபி முழுவதையும் அவள் மேல் கொட்டினான்.

சூடு பட்டதும் வாய் முந்திக்கொண்டது. "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா? ஒரு கப்பை ஒழுங்கா பிடிக்கத் தெரியல... நீங்க இவளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கப் போறீங்க?"

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நான் குடிக்கிறதில்லைங்க. என் கை கால் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். சைக்கிள் ஓட்ட வந்ததே காலேஜ் முடிச்சப்புறம்தான்... அதான் அன்னிக்கு இவ விழறதைப் பார்த்துட்டு சும்மா போக முடியல." நிதானமாகச் சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவள் அதிர்ந்து நின்றாள். அந்தப் பொத்தான்கள்... அந்தக் கம்பம்... அடக் கடவுளே!

அதைவிடப் பெரிய இடி பின்னால் இருந்து வந்தது.

"ஸ்கூல்ல என்னையும் இப்படித்தான் கேக்கிறாங்க சித்தி. ஊத்திக்கிட்டு வந்தியான்னு." வாலு சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டாள். "நீயும் மனசுக்குள்ள என்னை அப்படித்தான் நினைக்கிறியா?"

அடுத்த விடுமுறைக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. பெடல் இல்லாத சைக்கிள் வீட்டு வாசலில் மொட்டையாக நின்றது. வாலு அதன் பக்கமே திரும்பவில்லை. கடை ரேடியோவில் அவன் குரல் வரும்போதெல்லாம் இவளுக்கு நெஞ்சு வலித்தது. எள்ளைவிடச் சின்ன திருகாணியையும் ஒரு நொடியில் முடுக்கிவிடுகிற விரல்கள் அவளுடையவை. ஆனால் கொட்டிய சொல்லை எந்த விரலால் அள்ளுவது?

"வாடி, ரேடியோ நிலையத்துக்குப் போறோம். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்."

"நீயா?" வாலுவின் வாய் பிளந்துவிட்டது. "அதைப் பார்க்கிறதுக்காகவே வரேன்!"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். வேலை முடித்து வெளியே வந்தவன், முற்றத்தில் மூவரையும் பார்த்துச் சிலையாகிவிட்டான். மூன்றாவது ஆள் சைக்கிள். பிறகு பையிலிருந்து ஸ்பானரையும் இரண்டு பெடல்களையும் எடுத்தான்.

"தினமும் எடுத்துட்டு வரேங்க... கொண்டுவந்து கொடுக்கத்தான் தைரியம் வரல."

"அப்ப நான் அன்னிக்குக் கத்தினது சரிதான். திருடனேதான்..." சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. "மன்னிச்சிடுங்க. நான் பேசினது ரொம்பத் தப்பு."

"அந்தப் பேச்சு எனக்குப் பழகினதுதாங்க. ஆனா சொன்னது நீங்கன்னுதான்... தாங்க முடியல."

அவன் குனிந்து பெடலை மாட்டினான். மரை நழுவியது... மறுபடி நழுவியது. பிடுங்கித் தானே மாட்டிவிட அவள் விரல்கள் துடித்தன. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அதை வாலு பார்த்தாள். சைக்கிளில் ஏறினாள்.

ஒரு மிதி... இன்னொரு மிதி... சைக்கிள் ஆடியது, வளைந்தது, விழவில்லை! சித்தியின் கால்கள் ஓடப் பார்த்தன. அவன் அவளுடைய கையை மெல்லப் பிடித்து நிறுத்தினான். முற்றத்தைச் சுற்றி வந்த வாலுவின் கண்கள் முட்டையாக விரிந்திருந்தன.

"சித்தி! யாருமே பிடிக்கலையே!"

"ஆமாடி! யாருமே பிடிக்கல!"

"எப்படி நிறுத்தறது?"

இருவரும் ஒருவரையொருவர் திகைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் காலை ஊன்றியே நிறுத்திப் பழகியவளுக்கு, பிரேக் என்று ஒன்று இருப்பதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை!

வாலு செடிவேலிக்குள் போய்ச் சொருகிக்கொண்டாள். இலைகளோடு எழுந்தாள். "இன்னொரு தடவை!" என்று கத்தினாள்.

மழை பிடித்துக்கொண்டது. வாலு சைக்கிளோடு கூரைக்குக் கீழே ஓடினாள். இவர்கள் இருவரும் நகரவில்லை.

"மைக் முன்னாடி ஒருநாளும் நான் தடுமாறினதில்ல," என்றான் அவன். "எழுதிக் கொடுத்ததைப் படிச்சுடுவேன். இதை யாரும் எழுதிக் கொடுக்கல... எனக்கு... உங்களை..."

நின்றுவிட்டான். மிச்சம் அவளுக்குத் தெரியும். அடுத்தவர் வாக்கியத்தைத் தானே முடித்து வைக்கிற வாய் அவளுடையது. அதை இறுக்கி மூடிக்கொண்டாள். மழை இமைகளில் வழிந்தது.

"சித்தி, ரெண்டு பேரும் நனையறீங்க! சீக்கிரம் வாங்க!"

"நீ சும்மா இருடி! அவர் மெதுவா சொல்லட்டும்."

அவன் அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தான். அவனுக்காக இப்படி யாரும் காத்து நின்றதே இல்லை.

"உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசையா இருக்கு," என்றான், ஒரு சொல்கூடப் பிசகாமல்.

"குடையால அடிச்ச அன்னிக்கே எனக்கும் அந்த ஆசை வந்துடுச்சு," என்றாள் அவள்.

"அடிக்கிறதுக்கு முன்னாடியா... அப்புறமா?"

"அடிக்கும்போதே!"

குடை அவள் கையில் மடக்கியபடியே இருந்தது. அதை விரிக்க இருவருக்குமே தோன்றவில்லை.