பூசணிக்காய் உடைக்காத படம்

நேற்று எண்ணூற்று நாற்பது அடி இருந்த பிலிம், இன்று எண்ணூற்று ஐம்பத்திரண்டு அடி இருந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று தனக்கோடி மறுபடி அளந்தார். அதே கணக்கு. முப்பது வருஷமாகப் பழைய பிலிம்களைச் சோதித்து ஒட்டிக் கொடுப்பவர் அவர். பழைய பிலிம் சுருங்குமே தவிர வளருமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் ஜெர்மன்காரர்களும் மதராஸ் கம்பெனி ஒன்றும் சேர்ந்து எடுத்த ஊமைப்படம், காதல் கதை. எல்லாரும் தலைமுழுகிவிட்ட அந்தப் படத்தின் கடைசிச் சுருள் மட்டும், போன மாசம், எண்பத்தேழு செப்டம்பரில், மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டுப் பரணில் அகப்பட்டு அவரிடம் வந்திருந்தது. டப்பாவுக்குள் ஒரு மக்கிய சீட்டு: 'ஜெர்மன் துரை பூசணிக்காய் உடைக்க விடவில்லை.' படித்துவிட்டுச் சிரித்திருந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கே தாம்பரம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை ஓட்டுக் கூரையை விடாமல் தட்ட, டப்பாவிலிருந்து எழுந்த கார வாடை மூக்கிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்ள, பிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஓரத்து ஓட்டைகளை விரலால் தடவியபடியே அந்தப் புதுப் பன்னிரண்டு அடிக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு பெண். முதுகு காட்டி அம்மியில் அரைக்கிறாள். சுவரில் ஒரு காலண்டர். அவர் வீட்டுக் காலண்டர். இன்றைய தேதி.

"எல்லம்மா!"

"இன்னாப்பா? மொளகா அரைச்சிகினு கீறேன்," என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

மனைவி போனபின் அவருக்கென்று இருந்தது அந்த ஒரே மகள்தான். தையில் கல்யாணம். கடைசி ஷாட் எடுத்ததும் பூசணிக்காய் உடைப்பது சினிமாக்காரர் வழக்கம். உடைத்தால்தான் படப்பிடிப்பு முடியும். இதற்கு உடைக்கவேயில்லை. அப்படியென்றால் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு வாங்கி வைத்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கற்பூரம் ஏற்றிச் சுற்றி, வாசலில் ஓங்கிப் போட்டார். சிதறியது. முடிந்தது, முடிந்தது என்று வாய்விட்டுச் சொன்னார்.

அம்மிச் சத்தம் நின்றிருந்தது.

அவளைப் படத்தை விட்டு வெளியே கூப்பிட்டுவிட்டு அல்லவா உடைத்திருக்க வேண்டும்!

உள்ளே ஓடினார். எல்லம்மா அரைத்துக்கொண்டுதான் இருந்தாள். குழவி உருண்டது. சத்தமில்லை. மிளகாய் விழுது கறுப்பு. சிவப்புத் தாவணி கறுப்பு. கை சாம்பல்.

திரும்பினாள். அவரைப் பார்த்தாள். 'அப்பா' என்று உதடு அசைந்தது.

பிறகு வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள்.

மழை மட்டும் கேட்டது.