கல்லின் முதுகு

ஆம்ப்ரோஸ் தேயர் கணப்பின் முன்னால் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கல். இருபது பவுண்டு இருக்கும்.

ஹெஸ்டர் தேயர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எழுபத்து மூன்று வயது. செத்தது அவள் கணவனின் தம்பி. அவள் அழவில்லை. ஊரார் முன்னால் அழுவது தேயர் குடும்பத்தில் வழக்கமில்லை.

"மேல் வரிசைலேர்ந்து விழுந்துச்சு ஷெரீஃப். என் கண்ணால பாத்தேன்," என்றான் அவள் மகன் க்ரெய்க்.

மூன்று தலைமுறை வெர்மான்ட் குளிரைத் தாங்கிய செங்கல் கணப்பு அது. அதை அசல் கல்லால் மூடினால்தான் பாஸ்டன்காரர்கள் வீட்டை வாங்குவார்கள் என்று க்ரெய்க் கொத்தனாரைக் கூட்டி வந்திருந்தான்.

"செங்கல்லுக்குச் சட்டை தைக்கிறானாம்," என்று ஹெஸ்டர் அன்றே உதட்டைச் சுழித்தாள்.

வீட்டில் பாதி ஆம்ப்ரோஸுடையது. விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று காலையில்தான், காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொல்லியிருந்தார்.

இப்போது...

ஷெரீஃப் டன்ஹாம் கொத்தனார் லூசியனிடம் திரும்பினார். "அரைகுறை வேலை பாத்து ஒரு ஆளையே கொன்னுட்ட. கையை நீட்டு."

லூசியன் நீட்டிய கைகளில் விலங்கு ஏறியது.

க்ரெய்க் அம்மாவின் காதருகே குனிந்தான். "கல்லு விழுந்த சத்தம் கேட்டுச்சுன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. குடும்ப மானம்..."

ஹெஸ்டர் கைத்தடியால் தரையைத் தட்டினாள்.

"லூசியன். கல்லை எப்படி ஒட்டுற?"

"முதுகு முழுக்கக் கலவை அப்பித்தான் மேடம். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரி."

"எல்லாக் கல்லுக்கும்?"

"எல்லாத்துக்கும். அப்பலேன்னா சுவத்துல ஒரு நொடி நிக்காது."

"மேல் வரிசையும் நீ ஒட்டினதுதான?"

"நான்தான் மேடம்."

க்ரெய்க்கின் உதட்டில் ஒரு கீற்றுச் சிரிப்பு. "கேட்டீங்களா ஷெரீஃப்? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்."

"டன்ஹாம், உனக்குக் குனிய வருமில்ல?" என்றாள் ஹெஸ்டர். "அந்தக் கல்லைப் புரட்டு."

ஷெரீஃப் புரட்டினார்.

கல்லின் முதுகு கழுவிய தட்டு மாதிரி இருந்தது. ஒரு பொட்டுக் கலவை இல்லை.

நிமிர்ந்து பார்த்தார். மேல் வரிசையில் ஒட்டிய கற்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எங்கும் ஒரு கல் பெயர்ந்த தடமில்லை.

"சுவத்துல ஏறாத கல்லு எப்படி விழும்?" ஹெஸ்டரின் குரலில் பனி. "வாசல்ல குவிச்சு வெச்சதுல ஒண்ணை யாரோ கையில எடுத்திருக்காங்க. விழுந்ததைக் கண்ணால பாத்தேன்னு சொன்னது யாருடா?"

க்ரெய்க் வெளிறினான். "அம்மா... நான் உங்க பிள்ளை."

"அந்த வெட்கத்துலதான் இவ்வளவு நேரம் வாயடைச்சு உக்காந்திருந்தேன்."

"கையெழுத்துப் போட மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சாரும்மா! கோவத்துல... அம்மா, குடும்ப மானம் போயிடும்."

"உன் சித்தப்பாவைக் கொன்னப்பவே பாதி போச்சு. அதைக் கூலிக்கு வந்தவன் தலைல கட்டப் பாத்த பாரு, மீதியும் போச்சு."

விலங்கு கை மாறியது.

ஷெரீஃப் அவனை வாசலுக்குத் தள்ளினார். க்ரெய்க் விம்மினான்.

"அழாதடா," என்றாள் ஹெஸ்டர். "அசல் கல்லு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னியே... நம்ம கவுன்ட்டி ஜெயில்ல நாலு சுவரும் கிரானைட்."