ரஞ்சனியின் மஞ்சள் காகிதம்

"தம்பியைப் பிள்ளைக்காம்பராவுக்குள்ள விட மாட்டேன்!"

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் அது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறையின் வாசலை மறித்து நின்றாள் பத்து வயது ரஞ்சனி. இடுப்பில் தம்பி ஜீவா. அவன் கண்கள் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தன.

தேயிலை விலை படுத்துவிட்ட வருஷம். ஃபாக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. காலியாய்க் கிடந்த பக்கத்து அறையில், கேரட் தோட்டங்களுக்கு விற்கக் கோழி எரு மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து குழந்தைகளுக்கெல்லாம் இருமல்.

"மூட்டையிலிருந்து அம்மோனியா வருதுங்க ஐயா."

ஃபாக்டரியில் தேயிலைத் தூளின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர் அம்புரோஸ் சிரித்தார். தேநீரை மோந்தே எந்த மலை இலை என்று சொல்லிவிடுவார். அவர் பேச்சுக்கு மேனேஜரே மறுபேச்சுப் பேசமாட்டார். காலையிலிருந்து கணக்கெடுத்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில்தான் நின்றிருந்தார்.

"என் மூக்குக்குத் தெரியாத நாத்தமா பாப்பா? ஒண்ணும் வரலையே!"

ரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, மஞ்சள்தூள் கரைசலில் இரண்டு காகிதங்களை நனைத்துக் காயவைத்திருந்தாள். ஒன்றைத் தூக்குப்போசிக்குள் மூடி வைத்திருந்தாள். மற்றதைக் காலையிலேயே காம்பரா சன்னலில் கட்டியிருந்தாள். கடைக்காரர் தங்கவேலுவிடம் கெஞ்சி வாங்கி வந்த, கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கை இரண்டின் மேலும் அடித்தாள்.

போசியில் இருந்த காகிதம் பளிச்சென்று ஒளிர்ந்தது. சன்னலில் இருந்தது சிவந்து மங்கிக் கிடந்தது.

"அம்மோனியா பட்டா மஞ்சளோட ஒளி அவிஞ்சு போயிருங்க."

"காகிதத்தை நம்பி மூட்டையைத் தூக்கச் சொல்றியா?"

"காகிதத்தை நம்ப வேண்டாங்க. அரைமணி நேரம் தேயிலைக்காட்டுல நின்னுட்டு வந்து மோந்து பாருங்க. நாத்தத்துலயே நின்னா எந்த மூக்கும் மரத்துப்போகும்!"

கூடியிருந்தவர்கள் அம்புரோஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்புரோஸ் முகம் கடுகடுக்க, விறுவிறுவென்று தேயிலைக்காட்டுப் பக்கம் நடந்தார். ரஞ்சனி ஜீவாவை இறுக்கிக்கொண்டாள். அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டால்? ஆனாலும் அவள் வாசலை விட்டு நகரவில்லை.

அரைமணி கழித்துத் திரும்பி வந்த அம்புரோஸ் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அட கடவுளே! இதுக்குள்ளயா பிள்ளைகளைப் படுக்க வெச்சோம்? மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். பிடிங்கய்யா மூட்டையை!" முதல் மூட்டையைத் தாமே இழுத்தார்.

மதியத்துக்குள் பக்கத்து அறை காலியானது.

"இனியாச்சும் வழி விடும்மா," என்றார் அம்புரோஸ்.

ரஞ்சனி புதுக் காகிதம் ஒன்றை நனைத்துச் சன்னலில் கட்டினாள்.

"நாளைக்குக் காலைல இது ஒளிரட்டுங்க. அப்பறந்தான் ஜீவா உள்ள வருவான்!"